பால் கறந்த பந்துக்காரர்

மூணு மாசமா இந்தப் பக்கம் ஒண்ணுமே எழுதலை. கடலைக்காட்டுக்குத் தண்ணி பாய்ச்சினாங்களா, செவலைப் பசு கன்னு போட்டுச்சான்னு கேட்டு எழுதுன எல்லாருக்கும் நன்றி. பொண்ணு வீட்டுக்கு, அமெரிக்காவுக்குப் போயிருந்தேன். மேரிலாண்ட் மாநிலத்துல ஜெர்மன்டவுன்னு ஒரு ஊர். தோட்டத்தைத் தம்பி பார்த்துக்கிட்டான்.

அங்கே எனக்கு வேலைன்னு ஒண்ணும் இல்லை. காலையில எந்திரிச்சா கறக்க மாடு கிடையாது, திறந்துவிட மடை கிடையாது. நடக்கறதுதான் வேலை. ஒரு நாள் மாப்பிள்ளை கார்ல பெத்தெஸ்டாங்கற ஊருக்குப் போனப்ப ஒரு பெரிய பள்ளிக்கூடத்தைக் காட்டி, "மாமா, இதுக்கு வால்டர் ஜான்சன் ஹைஸ்கூல்னு பேர். அவர் ஒரு பேஸ்பால் விளையாட்டுக்காரர். நம்ம வீடு இருக்கற ஜெர்மன்டவுன்லதான் பண்ணை வச்சு மாடு மேய்ச்சுக்கிட்டு இருந்தார்" அப்படின்னார்.

விளையாட்டுக்காரர் பேரைப் பள்ளிக்கூடத்துக்கு வச்சதுகூட எனக்குப் பெரிசாப் படலை. மாடு மேய்ச்சார்னு சொன்னார் பாருங்க, அங்கேதான் எனக்குக் காது நிமிர்ந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே பேத்தியைக் கூட்டிக்கிட்டு நூலகம் போனேன். அவ இங்கிலீஷ்ல படிச்சு எனக்குத் தமிழ்ல சொல்ல, நான் நோட்டுல குறிச்சுக்கிட்டேன். அதைத்தான் இங்கே எழுதறேன்.

வால்டர் ஜான்சன் பிறந்தது 1887 நவம்பர் 6. கான்சாஸ் மாநிலத்துல ஹம்போல்ட்டுங்கற சின்ன ஊருக்குப் பக்கத்துல ஒரு பண்ணை வீடு. ஆறு பிள்ளைகள்ல ரெண்டாவது. அப்பா விவசாயி. பையனுக்குப் பதினாலு வயசு இருக்கும்போது குடும்பம் கலிபோர்னியாவுக்குப் பொழைப்புத் தேடிப் போயிருச்சு. எண்ணெய்க் கிணறு தோண்டிக்கிட்டிருந்த ஒலிண்டாங்கற இடம். அங்கேதான் பையன் பேஸ்பால் எறியக் கத்துக்கிட்டான்.

பேஸ்பால் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம கிரிக்கெட்டுல பந்து தரையில குத்தி எழும்பும். இதுல பந்து தரையைத் தொடக் கூடாது. பிட்சர்னு ஒருத்தர் அறுபதரை அடி தூரத்துல நின்னு நேரா வீசணும், மட்டைக்காரர் அடிக்கணும். மூணு தடவை கோட்டை விட்டா அவுட். ஒரு ஓட்டம்கூட எதிரணிக்குக் கொடுக்காம ஒரு பிட்சரே ஆட்டம் முழுக்க எறிஞ்சு ஜெயிச்சா அது 'ஷட்அவுட்'. அது பெரிய கௌரவம்.

பத்தொன்பது வயசுல ஜான்சன் ஐடஹோ மாநிலத்துல வீசர்ங்கற சின்ன ஊர்ல இருந்தார். டெலிபோன் கம்பெனியில வேலை, லீவு நாள்ல ஊர் அணிக்குப் பந்து வீச்சு. இவர் வீசற வேகத்தைப் பார்த்த வெளியூர் வியாபாரி ஒருத்தர், வாஷிங்டன் அணி மேனேஜருக்குத் தந்தி மேல தந்தி அடிச்சதாச் சொல்வாங்க. 1907-ல ஆள் அனுப்பிக் கூப்பிட்டாங்க. இந்தப் பையன் என்ன கேட்டானாம் தெரியுமா? "எனக்குச் சரிப்பட்டு வரலைன்னா வீட்டுக்குத் திரும்பி வர ரயில் சார்ஜ் நீங்கதான் கொடுக்கணும்." எங்கப்பா முதல் தடவையா என்னை டவுனுக்கு அனுப்பினப்ப சட்டைப் பையில தனியா வச்சுத் தச்சுக் கொடுத்த திரும்பி வர பஸ் காசு ஞாபகம் வந்துச்சு. கிராமத்தான் எந்த நாட்டுல இருந்தாலும் முதல்ல திரும்பி வர வழியைத்தான் யோசிக்கறான்.

திரும்ப வேண்டிய அவசியமே வரலை. இருபத்தோரு வருஷம், 1907-லிருந்து 1927 வரைக்கும், ஒரே அணி, வாஷிங்டன். 417 ஆட்டம் ஜெயிச்சார். 110 ஷட்அவுட். அந்த 110-ஐ இன்னைக்கு வரைக்கும் யாரும் தொடலை. 1908-ல, இருபது வயசுல, நியூயார்க் அணியை நாலே நாளுக்குள்ள மூணு தடவை ஓட்டமே கொடுக்காம தோக்கடிச்சார். நடுவுல ஒரு நாள் ஞாயித்துக்கிழமை, ஆட்டம் கிடையாது. அதனால ஓய்வு!

வேகம் எவ்வளவுன்னு துப்பாக்கித் தோட்டாவைச் சோதிக்கற கூடத்துல வச்சு அளந்திருக்காங்க. விநாடிக்கு 134 அடி. மணிக்கு ஏறக்குறைய 147 கிலோமீட்டர். பத்திரிகைக்காரங்க 'பெரிய ரயில்'னு பட்டப்பேர் வச்சாங்க. அந்தக் காலத்துல வேகம்னாலே ரயில்தானே.

இனிமேல்தான் விஷயமே இருக்கு. இவ்வளவு வேகமா வீசறவர் மனசுக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு. தன் பந்து பட்டு யாராவது செத்துருவாங்களோங்கற பயம். அப்போ தலைக்கவசம் எல்லாம் கிடையாது. 1920-ல வேற ஒரு பிட்சர் வீசின பந்து தலையில பட்டு ரே சாப்மன்னு ஒரு ஆட்டக்காரர் செத்தே போனார். மத்த பிட்சருங்க மட்டைக்காரரை மிரட்டறதுக்காகவே உடம்பை ஒட்டி வீசுவாங்க. ஜான்சன் வேணும்னு அப்படி வீச மாட்டார். டை காப்னு பெரிய ஆட்டக்காரர், படு சூதானமானவர், இந்தப் பலவீனத்தைக் கண்டுபிடிச்சுட்டார். ஜான்சன் வீசும்போது மட்டும் முன்னாடி ஒட்டி நின்னுக்குவார். தன்னை அடிச்சுருவோமோன்னு ஜான்சன் பயந்து வெளியே தள்ளி வீசுவார், இவர் சாத்துவார். நல்லவனா இருந்தா நாலு ஓட்டம் கூடப் போகும். போகட்டும்னு விட்டார் மனுசன்.

அணியும் சொத்தை அணி. ஆரம்ப வருஷங்கள்ல கடைசிப் பக்கமே கிடக்கும். நாடே கேலி பேசும். 1909-ல இவர் 13 ஆட்டம் ஜெயிச்சு 25 தோத்தார். வாழ்நாள்ல 26 ஆட்டம் ஒண்ணுக்குச் சைபர்னு தோத்திருக்கார். அதாவது இவர் ஒரே ஒரு ஓட்டம் கொடுத்தார், அணிக்காரங்க அந்த ஒண்ணைக்கூட எடுத்துக் கொடுக்கலை. நாம பயிரைக் கண்ணு மாதிரி வளர்த்து, அறுப்பு சமயத்துல மழை பெஞ்சு போச்சுன்னா எப்படி இருக்கும்? 26 தடவை. கூட ஆடற பையன் பந்தைக் கோட்டை விட்டாலும் அவனைத் திட்ட மாட்டாராம். குடி கிடையாது, புகை கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது.

அதுக்காக அவரைச் சாமியாராக்க வேண்டாம். 1914 கடைசியில, புதுசா வந்த போட்டி லீக்கோட சிகாகோ அணி அதிகச் சம்பளம் தருதுன்னு அங்கே கையெழுத்துப் போட்டுட்டார். வாஷிங்டன் மேனேஜர் கிரிஃபித் போய்ப் பேசித் திரும்பக் கூட்டிட்டு வந்தார். பத்திரிகைகள்ல ஏச்சு வாங்கினார். சம்பளம் கூடக் கேக்கறது தப்பா என்ன? நமக்குக் கரும்புக்கு விலை கேட்டாலே பேராசைன்னு எழுதறாங்க.

ஆட்டம் இல்லாத குளிர்காலத்துல கான்சாஸ்ல காஃபிவில் ஊர்கிட்ட இருந்த சொந்தப் பண்ணைக்கு வந்துருவார். மாடு கன்னு, கோழி, வேட்டை நாய், ஊர்க்காரங்களோட பேச்சு. நாடே கொண்டாடின ஆள் அங்கே பக்கத்துத் தோட்டத்துக்காரர். இன்னைக்கும் அந்த ஊர்ல அவர் பேர்ல ஒரு பூங்கா இருக்கு. கஷ்டமும் இல்லாம இல்லை. 1921-ல அப்பாவும் போனார், அதே வருஷம் ரெண்டு வயசுப் பொண்ணும் காய்ச்சல்ல போயிருச்சு.

அப்புறம் 1924. பதினெட்டாவது வருஷம். வாஷிங்டன் முதல் தடவையா உலகத் தொடருக்குள்ள நுழைஞ்சுது. எதிரணி நியூயார்க் ஜயன்ட்ஸ். ஜான்சனுக்கு முப்பத்தாறு முடிஞ்சு முப்பத்தேழு நடந்துக்கிட்டிருக்கு. யார் ஜெயிச்சாலும் சரி, ஜான்சன் ஜெயிக்கணும்னு நாடு முழுக்க நினைச்சுதாம். முதல் ஆட்டம், ஜனாதிபதி கூலிட்ஜ் வந்து உக்கார்ந்திருக்கார். பன்னெண்டு இன்னிங்ஸ் போய் 4-3-னு தோத்தார். அஞ்சாவது ஆட்டம், 6-2, மறுபடி தோல்வி. அவ்வளவுதான், கிழவன் முடிஞ்சான்னு எல்லாரும் நினைச்சாங்க.

அக்டோபர் 10, ஏழாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸ்ல வாஷிங்டன் பின்தங்கி நிக்குது. இருபத்தேழு வயசு மேனேஜர் பக்கி ஹாரிஸ் அடிச்ச பந்து தரையில உருண்டு போச்சு. சும்மா பிடிக்க வேண்டிய பந்து. வழியில என்னத்துல பட்டுச்சோ, கல்லுன்னு சொல்றாங்க, பிடிக்க நின்ன பதினெட்டு வயசுப் பையன் லிண்ட்ஸ்ட்ரோம் தலைக்கு மேல எகிறிப் போயிருச்சு. ஆட்டம் 3-3 சமம். ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு ஜான்சனைக் கூப்பிட்டாங்க. ரெண்டு தடவை தோத்த மனுசன், அஞ்சாவது ஆட்டம் முடிஞ்சு ரெண்டே நாள் ஆச்சு. நடந்து வந்தார். நாலு இன்னிங்ஸ் வீசினார். ஒரு ஓட்டம் கொடுக்கலை.

பன்னெண்டாவது இன்னிங்ஸ். வாஷிங்டன் ஆட்டக்காரர் ரூயல் அடிச்ச பந்து மேல போச்சு. பிடிக்க ஓடின நியூயார்க் கேட்சர் தான் கழட்டிப் போட்ட முகமூடியிலேயே கால் மாட்டித் தடுமாறி விட்டுட்டார். பிழைச்ச ரூயல் அடுத்து நல்லா அடிச்சு ரெண்டாவது பேஸுக்குப் போனார். கடைசியா மெக்நீலி அடிச்ச பந்தும் அதே லிண்ட்ஸ்ட்ரோம் பக்கமாப் போய், அதே மாதிரி தலைக்கு மேல எகிறிருச்சு. ரூயல் ஓடி வந்து சேர்ந்தார். 4-3. வாஷிங்டன் ஜெயிச்சுது. 26 தடவை ஒத்தை ஓட்டத்துல தோத்த மனுசனுக்கு, கடைசியில மண்ணே எந்திரிச்சு வந்து கை கொடுத்துச்சு. நான் விவசாயி, அப்படித்தான் எனக்குத் தோணும்.

எனக்கு அதைவிடப் பிடிச்சது அப்புறம் மூணு வாரத்துல நடந்தது. அக்டோபர் 31-ஆம் தேதி, அவர் வளர்ந்த ஒலிண்டாவுக்குப் பக்கத்து ஊர் பிரியாவுல ஒரு கண்காட்சி ஆட்டம். எதிரணியில பேப் ரூத், அந்தக் காலத்து சூப்பர் ஸ்டார். சின்ன ஊருக்கு ஆயிரக்கணக்குல சனம் திரண்டு வந்துச்சு. உலகத் தொடர் ஜெயிச்ச நம்ம ஆள் சொந்த ஊர் முன்னாடி 12-1-னு தோத்தார்! பேப் ரூத் ரெண்டு ஹோம் ரன். சனம் ரூத் அடிக்கறதையும் பார்க்கணும்னு இவர் கொஞ்சம் மெதுவா வீசியிருப்பார்னு நான் நினைக்கறேன். "இல்ல தாத்தா, நிஜமாவே தோத்திருப்பார்"னு பேத்தி சொன்னா. இருக்கலாம். எப்படியோ, ஊர்க்காரங்க அவரைத் தலைமேல வச்சுக் கொண்டாடறதை நிறுத்தலை.

1930-ல மனைவி ஹேசல் இறந்துட்டாங்க. அஞ்சு பிள்ளைகளைத் தனியா வளர்த்தார். மேனேஜராவும் இருந்து பார்த்தார், வீரர்கள்கிட்ட கண்டிப்பா இருக்கத் தெரியலைன்னு பேர் வாங்கினார். 1936-ல பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு முதல் முதலா தேர்ந்தெடுத்த அஞ்சு பேர்ல இவர் ஒருத்தர், டை காப், பேப் ரூத்தோட சேர்த்து. அதே வருஷம் பிப்ரவரியில, ஜார்ஜ் வாஷிங்டன் சின்ன வயசுல வெள்ளிக்காசை ஆத்துக்கு அக்கரையில எறிஞ்சார்ங்கற கதை நடக்கற காரியமான்னு பார்க்க, ராப்பஹானக் ஆத்தங்கரையில இவரைக் கூப்பிட்டு நிறுத்தினாங்க. நாப்பத்தெட்டு வயசுல எறிஞ்சு அக்கரை சேர்த்தார்.

கடைசி வருஷங்கள் ஜெர்மன்டவுன் பண்ணையில. பால் மாடு வச்சிருந்தார். 1938-ல மாவட்டக் கமிஷனரா சனம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்துச்சு. 1940-ல நாடாளுமன்றத்துக்கு நின்னு தோத்தார், திரும்பி மாட்டுக்கிட்ட வந்துட்டார். 1946 டிசம்பர் 10, மூளையில கட்டி, ஐம்பத்தொன்பது வயசு. எனக்கு இப்ப ஐம்பத்தேழு.

ராக்வில் கல்லறைத் தோட்டத்துக்கு மாப்பிள்ளையும் நானும் போய் நின்னுட்டு வந்தோம். ஜெர்மன்டவுன்ல இப்ப எங்கே பார்த்தாலும் வீடு, ரோடு, கடை. மாடு நின்ன இடம், தீவனப் புல் வளர்ந்த இடம்னு எதையும் அடையாளம் சொல்ல முடியலை. நான் தினமும் நடந்த ரோடேகூட ஒரு காலத்துல யாரோ ஒருத்தர் உழுத காடாத்தான் இருந்திருக்கும்.

திரும்பி வர்ற வழியில மாப்பிள்ளை மெதுவா ஆரம்பிச்சார். "மாமா, நம்ம தோட்டத்தையும் சைட் போட நல்ல விலைக்குக் கேக்கறாங்களாமே. கொடுத்துட்டு அத்தையைக் கூட்டிக்கிட்டு இங்கேயே வந்துருங்களேன்." பாசத்துலதான் கேட்டார், தப்பில்லை. பொண்ணு சொல்லிக் கொடுத்திருப்பா. என் முட்டி வலி அவளுக்குத் தெரியும்.

நான் ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "என் டிக்கெட் ரிட்டர்ன் டிக்கெட்தானே?"ன்னு மட்டும் கேட்டேன். அவருக்குப் புரிஞ்சுது. சிரிச்சுட்டார்.

வந்து ஒரு வாரமாச்சு. செவலை கிடாரிக் கன்னு போட்டிருக்கு. சீம்பால் தீர்ந்து போச்சு, நீங்க லேட்டு. அடுத்த பதிவுல கடலை விலை பத்திப் பேசலாமுங்க.