உறைந்த இரைப்பை

1962இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஓவன் வாங்கென்ஸ்டீன் என்ற அறுவை மருத்துவர் ஒரு புதிய சிகிச்சையை அறிவித்தார். அல்சர் நோயாளி ஒரு பலூனை விழுங்க வேண்டும். அது இரைப்பைக்குப் போனதும், மைனஸ் 10 டிகிரிக்குக் குளிர்ந்த திரவத்தைக் குழாய் வழியே சுமார் ஒரு மணி நேரம் அதற்குள் ஓடவிடுவார்கள். இரைப்பை உறைந்தால் அமிலம் குறையும், புண் ஆறும் என்பது கணக்கு.

அன்றைக்கு அல்சர் முற்றினால் வயிற்றைத் திறந்து இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுப்பார்கள். அப்படியிருக்க, கத்தியே வேண்டாம் என்றால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? சொன்னவரும் லேசுப்பட்ட ஆள் கிடையாது. குடல் அடைப்புக்கு மூக்கு வழியே குழாய்விட்டு உறிஞ்சி எடுக்கும் முறையை 1930களில் நிலைநிறுத்தி, எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியவர். அவர் பெயரை நம்பி ஆஸ்பத்திரிகள் இயந்திரத்தை வாங்கின. ஆயிரக்கணக்கானோர் பலூனை விழுங்கினார்கள். பலர் "வலி விட்டுடுச்சு டாக்டர்" என்றார்கள். உண்மையைத்தான் சொன்னார்கள்.

ஆனால் அல்சர் வலி தானாக வரும், தானாகப் போகும். பெரிய டாக்டர், பெரிய மெஷின், இனி சரியாகிவிடும் என்ற நம்பிக்கை, இவற்றாலும் குறையும். உறைய வைத்ததால்தான் குறைந்ததா என்று தெரிய வேண்டுமென்றால், உறைய வைக்காத ஒரு கூட்டமும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அந்த ஒப்பீடு 1969இல் வெளியானது. மொத்தம் 160 நோயாளிகள். யார் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. 82 பேருக்கு நிஜமாகவே உறைய வைத்தார்கள். 78 பேருக்கு அதே பலூன், அதே குழாய். பலூனுக்குள் போன திரவம் மட்டும் உடல் சூட்டில் இருந்தது. தனக்கு நடந்தது எது என்று நோயாளிக்கும் தெரியாது, பிறகு அவரைப் பரிசோதித்தவருக்கும் தெரியாது. உறைந்தவர்களில் 34 சதவீதம் பேர் தேறினார்கள். உறையாதவர்களில் 38 சதவீதம்! இயந்திரங்கள் மூலைக்குப் போயின.

அந்த 78 பேரை ஏமாற்றியது நியாயமா? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முந்தைய ஏழு வருடங்களில், யாரும் ஏமாற்ற நினைக்காமலேயே ஆயிரக்கணக்கானோர் ஏமாந்திருந்தார்கள். சிலருக்கு உறைய வைத்ததாலேயே புதுப் புண் வந்து ரத்தம் கசிந்தது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று நம் ஊரில் சொல்வார்கள். வாங்கென்ஸ்டீன் தன் நோயாளிகள் தேறுவதைக் கண்ணால் கண்டவர், அவர்கள் வாயாலேயே கேட்டவர். அவர் பார்க்காமல் விட்டது ஒன்றைத்தான்: இதைச் செய்யாமல் விட்டவர்களுக்கு என்ன ஆச்சு?

அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடும் முன் நாமும் டாக்டரிடம் அதைக் கேட்கலாம்.