சென்னை - யாழ்ப்பாணம்: 355 கிலோமீட்டரின் வரலாறு

ஆவடியிலிருந்து மாலை நெரிசலில் மீனம்பாக்கம் விமான நிலையம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானப் பயண நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சென்னைக்கும், யாழ்ப்பாணத்தை அடுத்த பலாலி விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 355 கிலோமீட்டர். சென்னை - மதுரை சுமார் 415 கிலோமீட்டர். அதாவது மதுரையை விட யாழ்ப்பாணமே சென்னைக்குப் பக்கம்!

பழைய பாதை

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் பயணிகள் விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, பலாலியில் இறங்கி, சென்னைக்கு வந்தது. அது ஒரு டகோட்டா விமானம். இலங்கை சுதந்திரம் அடைவதற்கு இரண்டு மாதம் முன்பே இந்த வழி திறந்துவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

நீண்டுபோன தூரம்

ஏர் சிலோன் 1970களின் இறுதியில் மூடப்பட்டது. 1983இல் உள்நாட்டுப் போர் மூண்டது. பலாலி ராணுவத் தளமானது. 1990இல் சுற்றியிருந்த கிராமங்களின் மக்கள் வீடு, நிலங்களை விட்டு வெளியேற நேர்ந்தது.

அதன்பின் யாழ்ப்பாணத்தார் ஒருவர் விமானத்தில் சென்னை வர என்ன வழி? முதலில் தெற்கே சுமார் 400 கிலோமீட்டர் கொழும்புக்குப் போக வேண்டும். பிறகு அங்கிருந்து வடக்கே சுமார் 640 கிலோமீட்டர் பறக்க வேண்டும். 355 கிலோமீட்டருக்குப் பதிலாக ஆயிரத்துக்கும் மேல்! அதுவும் சாலை திறந்திருந்தால்தான். 2006 ஆகஸ்டில் ஏ9 சாலை மூடப்பட்டபோது, கொழும்புக்குப் போகவே கப்பலையோ உள்நாட்டு விமானத்தையோ நம்ப வேண்டியிருந்தது. சிகிச்சைக்கு வருவோருக்கும், உறவினரின் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வருவோருக்கும் இந்தச் சுற்று எவ்வளவு பெரிய சுமை என்று சொல்ல வேண்டியதில்லை.

மீண்டும் திறந்த வழி

போர் 2009இல் முடிந்தது. ஆனாலும் 2019 அக்டோபர் 17 அன்றுதான் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் அது நின்று, 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கியது. இண்டிகோ நிறுவனம் 2024 செப்டம்பரில் சென்னையிலிருந்தும், 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது.

ஓடுபாதை சிறியது என்பதால் இந்தச் சேவைகளுக்குச் சுமார் 70 பேர் அமரும் ஏடிஆர் 72 விமானங்களே பயன்பட்டன. இதன் வேகம் மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் 45 நிமிடம் கூடப் போதும். ஓடுபாதைக்கு நகர்வது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்து அட்டவணையில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது.

முடிவாக

கடலும் நிலமும் இருந்த இடத்திலேயேதான் இருந்தன. பக்கத்து ஊரைத் தூரத்து ஊராக்கியது போர். விமானம் திரும்ப வந்துவிட்டது. ஆனால் பலாலியைச் சுற்றியிருந்த கிராமத்தார் பலர், அதைவிடக் குறைந்த தூரத்தில் இருந்த தங்கள் வீட்டுக்குத் திரும்பவே இருபது, முப்பது ஆண்டுகள் காத்திருந்தார்கள்.