சுமைகூலி முக்கால் பணம்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிமார்கள் சொல்லி வைத்தார்கள். பொருளின் விலையைவிட அதை வீடு கொண்டுவந்து சேர்க்கும் செலவு மிஞ்சிவிடக் கூடாதே என்ற கவலை நம்முடைய குடும்பங்களில் எவ்வளவு பழையது என்பதற்கு இந்த ஒரு வாக்கியமே சாட்சி. சிக்கனக்காரனுக்கு விலை அதிகம் என்றால் கூட மனசு ஆறும். சுமைகூலி அதிகம் என்றால் ஆறாது. விலைக்குப் பொருள் மிஞ்சுகிறது. கூலிக்கு என்ன மிஞ்சுகிறது?

மனித சுபாவத்தின் இந்த மெல்லிய இடத்தை நன்றாகத் தெரிந்துகொண்டவர்கள் இக்காலத்துப் பெரிய வியாபாரிகள். "வருஷத்துக்கு ஒரு தடவை சந்தா கட்டிவிடுங்கள். அப்புறம் சுண்டைக்காய் வாங்கினாலும் சுமைகூலி கிடையாது; அதுவும் நாளைக்கே வந்து சேரும்" என்கிறார்கள். கேட்கக் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கையைக் கடித்துக் காசு சேர்க்கும் குடும்பத்துக்கு இது லாபமா, நஷ்டமா?

இந்தக் கேள்விக்கு விடை தேட நான் வாசகர்களைப் பரங்கிப்பேட்டைக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கும் ஊர் அது. சரித்திரப் பாடத்தில் அந்த ஊரின் பெயர் ஒரே ஒரு தடவை வரும்: 1781-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி ஹைதர் அலிக்கும் ஆங்கிலத் தளபதி ஐர் கூட்டுக்கும் நடந்த யுத்தம். பரீட்சைக்கு அவ்வளவு போதும். ஆனால் அந்த ஊரின் உண்மையான சரித்திரம் துப்பாக்கியில் இல்லை. துணி மூட்டையில் இருக்கிறது.

போர்த்துக்கீசியர் அதைப் 'போர்ட்டோ நோவோ', அதாவது புதுத் துறைமுகம் என்றார்கள். முஸ்லிம் வர்த்தகர்கள் 'மஹ்மூது பந்தர்' என்றார்கள். பறங்கியர் குடியேறிய பேட்டை என்பதால் நம்மவர்கள் வைத்த பெயர்தான் இன்றைக்கும் நிலைத்திருக்கிறது. மூன்று பெயர் சூட்டும் அளவுக்கு ஓர் ஊரில் ஆட்கள் வந்து கூடினார்கள் என்றால் அங்கே வியாபாரம் இருந்திருக்க வேண்டும் அல்லவா? இருந்தது. சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்த துணி இங்கே கப்பலேறி வங்கக் கடலைத் தாண்டி அச்சே, கெடா, மலாக்கா என்று மலாய் நாட்டுத் துறைகளுக்குப் போயிற்று. அக்கப்பல்களில் பலவற்றை நடத்தியவர்கள் அயல்நாட்டார் 'சூலியா' என்று அழைத்த நம் தமிழ் முஸ்லிம் வணிகர்கள். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கூட இங்கே வந்து பண்டகசாலை வைத்தார்கள்.

இந்த வணிகர்களின் காலத்தில் கடலில் ஒரு விசித்திரமான சீட்டு நடமாடியது. அதன் பெயர் 'கர்த்தாஸ்'. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த ஏற்பாடு அது. கடல் தங்களுடையது என்று அவர்கள் முடிவு செய்துகொண்டார்கள். யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள் என்றால், தங்களுடைய பீரங்கிகளைக் கேட்டுத்தான்! அதன் பிறகு ஆசியக் கப்பல் எதுவானாலும் அவர்களிடம் சீட்டு வாங்கிக்கொண்டே போகவேண்டும் என்றார்கள். கப்பலின் பெயர், தலைவனின் பெயர், அது எவ்வளவு பெரிது, என்ன ஆயுதம் வைத்திருக்கிறது, எந்தத் துறைக்குப் போகிறது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். சீட்டு இல்லாத கப்பல் கடலில் அகப்பட்டால் சரக்கும் போயிற்று, கப்பலும் போயிற்று.

இனித்தான் விசேஷம். கர்த்தாஸுக்கு வாங்கிய கட்டணம் சொற்பம். ஒரு கப்பல் நிறைய சரக்கு ஏற்றுகிற வணிகனுக்கு அது வெற்றிலைபாக்குச் செலவு. "போகட்டும், கொடுத்துத் தொலைப்போம்" என்று வாங்கிக்கொள்ளத் தோன்றும். ஆனால் அந்தச் சீட்டின் நிபந்தனையைப் படித்தால் விஷயம் விளங்கும். சீட்டு வாங்கிய கப்பல் போர்த்துக்கீசியரின் துறைக்கு வந்து, அவர்களுடைய சுங்கச் சாவடியில் தீர்வை கட்டிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். மிளகு போன்ற சில சரக்குகளைத் தொடவே கூடாது. ஆக, லாபம் சீட்டின் விலையில் இல்லை. சீட்டு வாங்கியவன் எந்தத் துறைக்கு வந்தாக வேண்டும் என்பதில் இருந்தது. 1510-இல் கோவாவையும், 1511-இல் மலாக்காவையும், 1515-இல் ஹோர்முஸையும் பிடித்துக்கொண்டு அங்கெல்லாம் சுங்கம் வாங்கியவர்கள், சீட்டை மலிவாகக் கொடுத்ததில் ஆச்சரியம் என்ன? 1641-இல் மலாக்காவைப் பிடித்த டச்சுக்காரரும் இதே பாடத்தைப் படித்துக்கொண்டு சீட்டு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

இன்றைய சந்தாவையும் கர்த்தாஸையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம் என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். கர்த்தாஸின் பின்னால் பீரங்கி நின்றது. இன்றைய சந்தாவை யாரும் நம் கழுத்தில் கத்தி வைத்து வாங்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்றால் பேசாமல் இருந்துவிடலாம். இந்த வித்தியாசம் சாமான்யமானதல்ல. ஆனால் கணக்கின் அமைப்பு மட்டும் ஒன்றே. கொடுக்கும் கட்டணம் சிறிது. கட்டணம் கொடுத்த பிறகு நாம் எந்தத் துறைக்குப் போகிறோம் என்பதே பெரிது.

இந்தப் புதுச் சந்தாவின் சரித்திரம் நீளமானதல்ல. 2005-ஆம் வருஷம் பிப்ரவரியில் அமெரிக்காவில் அமேஸான் கம்பெனி 'பிரைம்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. வருஷத்துக்கு 79 டாலர் கட்டினால் சாமான்கள் இரண்டே நாளில், தனிக் கூலி இல்லாமல் வரும். நம் நாட்டில் 2014-இல் பிளிப்கார்ட் 500 ரூபாய்க்கு இதைப்போல ஒரு வருஷச் சந்தாவைக் கொண்டுவந்தது. 2016 ஜூலையில் அமேஸான் தன் பிரைமை இங்கே 499 ரூபாய் அறிமுக விலைக்கு இறக்கியது. அந்தத் தொகை 999 ஆயிற்று. 2021 டிசம்பரில் 1,499 ஆயிற்று. ஐந்து வருஷத்தில் மூன்று பங்கு. அறிமுக விலை என்பது மாப்பிள்ளை வீட்டார் முதல் நாள் காட்டும் மரியாதை மாதிரி. அதை வைத்துச் சம்பந்தத்தை எடைபோடக் கூடாது.

சந்தா கட்டியவனின் மனத்துக்குள் என்ன நடக்கிறது? "பணம்தான் கட்டியாயிற்றே, அதை வசூல் பண்ண வேண்டாமா?" என்ற எண்ணம் முதலில் வருகிறது. கல்யாணப் பந்தியில் மொய் எழுதியவன் இன்னொரு ஜாங்கிரி கேட்பது போலத்தான். ஒரு பேனாவுக்கு மை தேவையானால் அன்றைக்கே ஒரு கட்டளை. மறுநாள் ஒரு சீப்பு. அதற்கு மறுநாள் சீப்பு வைக்க ஒரு டப்பி. கூலி இருந்த காலத்தில் இவையெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தில் பட்டியலாகக் காத்திருக்கும். பத்து நாள் காத்திருந்ததில் பாதி சாமான் தேவையில்லை என்று தானாகவே தெரிந்துவிடும். சுமைகூலி என்ற அந்த எரிச்சலூட்டும் செலவு, நமக்குச் சம்பளமில்லாத கணக்குப்பிள்ளையாகவும் இருந்தது. சந்தா கட்டிய அன்று அந்தக் கணக்குப்பிள்ளைக்குச் சீட்டுக் கிழிந்துவிடுகிறது.

இது வெறும் ஊகமல்ல என்பதற்குத் தபால் இலாகாவின் சரித்திரமே உதாரணம். தூரத்துக்குத் தக்கபடி கூலி வாங்கிய காலத்தில் ஜனங்கள் யோசித்து யோசித்துக் கடிதம் எழுதினார்கள். 1840-இல் ரோலண்டு ஹில் என்பவரின் யோசனைப்படி பிரிட்டனில் எந்த ஊருக்கும் ஒரே பென்னி என்று ஆக்கினார்கள். முந்திய வருஷம் ஏழரைக் கோடி அளவில் இருந்த கடிதங்கள் அந்த ஒரே வருஷத்தில் 16 கோடியைத் தாண்டின. நம் தேசத்திலும் 1854-இல் கால் தோலா எடைக்கு அரையணா என்று தூரம் பாராத கட்டணம் வந்தது. கூலியை எளிதாக்கினால் அனுப்புவது பெருகும், இது இயற்கை. கடிதம் பெருகினால் நல்லது. அதில் செலவு தபால் தலையோடு முடிந்தது. கட்டளை பெருகினால் அப்படியல்ல. ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் கூலி இல்லை; ஆனால் விலை இருக்கிறது!

அந்தக் கூலிதான் எங்கே போய்விடுகிறது? இதற்கும் பரங்கிப்பேட்டை பதில் சொல்லும். 1830-ஆம் வருஷத்தையொட்டி ஜோஸையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அந்த ஊரில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றை ஏற்படுத்தினார். இந்தியாவில் புதுமுறையில் இரும்பு உருக்கச் செய்த ஆரம்ப முயற்சிகளில் அது ஒன்று. ஆலை கடற்கரையில், கனிமண்ணோ சேலம் வட்டாரத்தில். அங்கிருந்து தரைவழியும் நீர்வழியுமாக அதைக் கொண்டுவர வேண்டும். உருக்குவதற்கு மரக்கரி வேண்டும். கிட்டத்துக் காடு தீரத் தீரக் கரியும் தூரத்திலிருந்து வரவேண்டும். செய்த இரும்பு இங்கிலாந்துவரை கப்பலேறியது. விலைச்சீட்டில் "கூலி" என்று தனியாக எழுதினாலும் எழுதாவிட்டாலும், ஒவ்வொரு ராத்தல் இரும்புக்குள்ளும் வண்டிமாட்டின் நடையும் ஓடக்காரனின் துடுப்பும் அடங்கியிருந்தன. அவ்வளவு முயற்சியும் சில பத்தாண்டுகளில் நொடித்துப் போயிற்று. சுமைகூலியை மறைக்கலாம், ஒழிக்க முடியாது. இன்றைக்கு வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மூச்சிரைக்க மாடி ஏறிவரும் பையனுக்கும் யாரோ கூலி கொடுத்துத்தான் ஆகவேண்டும். சந்தாவில் கொஞ்சம், சாமான் விலையில் கொஞ்சம், விற்பவரின் லாபத்தில் கொஞ்சம் என்று அது பிரிந்து போகிறது.

சரி, பொதுப்பேச்சு போதும். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்வோம். ஒரு பொட்டலத்துக்குக் கூலி 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,499 ரூபாய்ச் சந்தா ஈடாக வருஷத்துக்கு 38 பொட்டலம் வரவேண்டும். அதாவது ஏறக்குறைய பத்து நாளைக்கு ஒன்று. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. சந்தா இல்லாதவர்களுக்கும், ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் சேர்த்து வாங்கினால் கூலி தள்ளுபடி செய்வது இத்தகைய கடைகளில் வழக்கம். ஆகவே அந்த 38-ம் சின்னச் சின்னப் பொட்டலமாக இருந்தால்தான் கணக்கு நேராகும். பத்து நாளைக்கு ஒரு தடவை, சேர்த்து வாங்க முடியாத சில்லறைச் சாமான் ஒன்று, தெருமுனைக் கடையில் கிடைக்காததாக, அவசரமாக வேண்டியிருக்கும் குடும்பம் எது? சிக்கனக் குடும்பம் அல்ல என்று மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம். வேகமும் எல்லா ஊருக்கும் ஒன்றல்ல. பட்டணத்துக்கு நாளைக்கே வருவது கடலோரச் சிற்றூருக்கு அதற்கு மேலும் நாள் பிடிக்கலாம். தன் ஊர்ப் பின்கோடுக்கு எத்தனை நாள் என்று பார்க்காமல் வேகத்துக்குப் பணம் கட்டுவது, ரயில் நிற்காத ஊருக்கு டிக்கெட் வாங்குவது போலாகும்.

அப்படியானால் இந்தச் சந்தா யாருக்குமே பிரயோஜனமில்லையா? அப்படிச் சொன்னால் அது நியாயமாகாது. ரயிலில் சீசன் டிக்கெட் இருக்கிறது. தினம் வேலைக்குப் போகிறவனுக்கு அது கண்கண்ட தெய்வம். மாதம் இரண்டு தடவை மாமியார் வீட்டுக்குப் போகிறவனுக்கு அது தண்டம். படியிறங்க முடியாத முதியவர்கள், கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் தாய், பக்கத்தில் கடை இல்லாத இடத்தில் உத்தியோகம் பார்ப்பவர்கள் இவர்களுக்கெல்லாம் வாசலுக்கு வரும் சாமான் ஆடம்பரம் இல்லை. சந்தாவோடு சேர்த்துக் காட்டும் சினிமாவைப் பார்ப்பதற்காகவே கட்டுகிறவர்களும் உண்டு. அவர்கள் அதைச் சினிமாச் செலவில் எழுதிக்கொள்ளட்டும், சிக்கனத்தில் எழுதவேண்டாம். மற்றவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. தீபாவளி மாதத்திலோ, வீட்டில் கல்யாணம் வரும் மாதத்திலோ, ஒரே ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டலாம். 2023 ஏப்ரலில் மாதச் சந்தாவை 299 ரூபாயாக ஆக்கினார்கள். அதே 40 ரூபாய்க் கணக்கில் எட்டுப் பொட்டலம் வந்தால் ஈடாகிவிடும். ஆனால் மாதம் முடிந்ததும் மறக்காமல் நிறுத்திவிட வேண்டும். அசந்துபோய்ப் பன்னிரண்டு மாதம் ஓடவிட்டால் 3,588 ரூபாய் ஆகிவிடும். வருஷச் சந்தாவைப்போல் இரண்டு பங்குக்கும் மேல்.

நிறுத்துவது அவ்வளவு சுலபமா என்பது இன்னொரு கதை. அமெரிக்க அரசாங்கத்தின் வர்த்தகக் கமிஷன் 2023 ஜூனில் அமேஸான் மீது வழக்குத் தொடுத்தது. ஜனங்களைத் தெரியாமலே சந்தாவில் சேர்த்தார்கள், விலகும் வழியைச் சுற்றிவளைத்து வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. விலகும் அந்த வழிக்குக் கம்பெனிக்குள்ளேயே 'இலியட்' என்று பெயர் வழங்கியதாகவும் அதில் சொல்லியிருந்தது. இலியட் என்பது கிரேக்கர்களின் நெடிய யுத்த காவியம்! 2025 செப்டம்பரில் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 250 கோடி டாலருக்குக் கம்பெனி சமரசம் செய்துகொண்டது. உள்ளே போக ஒரு தட்டு, வெளியே வர ஒரு காவியம் என்றால், வாசலில் நிற்கும்போதே யோசிப்பது நல்லது.

பரங்கிப்பேட்டைக் கப்பல்காரர்களின் காலத்து வணிகர்கள் என்ன செய்தார்கள்? வேறு வழியே இல்லாத இடத்தில் சீட்டு வாங்கினார்கள். வழி இருந்த இடத்தில் துறையை மாற்றினார்கள். மலாக்காவில் கெடுபிடி மிகுந்தபோது வியாபாரத்தின் பெரும்பகுதி அச்சே பக்கம் திரும்பியது. அதனால் அச்சே செழித்தது. எந்தத் துறையில் என்ன விலை என்று கேட்டறிந்து, தன் இஷ்டப்படி பாயைத் திருப்பும் சுதந்திரம்தான் வணிகனின் மூலதனம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சாமான் வாங்குகிறவனின் மூலதனமும் அதுவேதான். இந்தக் கடையில் விலை கூடுதலா, அடுத்த கடைக்குப் போவோம். இன்றைக்கு வேண்டாமா, அடுத்த மாதம் பார்த்துக்கொள்வோம் என்னும் சுதந்திரம். சந்தா கட்டியவன் பெரும்பாலும் அடுத்த கடையை எட்டிப் பார்ப்பதில்லை. 'இங்கேதான் கூலி இல்லையே' என்று இருந்துவிடுகிறான். அந்த ஒரு நினைப்புக்காகவே வியாபாரி இத்தனை பொட்டலங்களையும் தன் செலவில் சுமக்கச் சம்மதிக்கிறான்.

ஆகவே சிக்கனக்காரர்களுக்கு என் அபிப்பிராயம் இதுதான். சென்ற வருஷம் எத்தனை பொட்டலம் வந்தது என்று எண்ணிப் பாருங்கள்; இனி வரப்போவதை எண்ணாதீர்கள், ஏனென்றால் அது ஆசையின் கணக்கு. சென்ற வருஷக் கணக்கு சந்தாவை மிஞ்சினால் தயங்காமல் கட்டுங்கள். மிஞ்சாவிட்டால் துண்டுக் காகிதத்தில் பட்டியல் எழுதி அஞ்சறைப்பெட்டியின் அடியில் வையுங்கள். சுமைகூலி முக்கால் பணம் என்று தெரிந்தால், பாட்டி சுண்டைக்காயை யோசித்துத்தான் வாங்குவாள். கூலியே இல்லை என்று சொல்லியிருந்தால் ஒரு மூட்டை வாங்கியிருப்பாள்; அத்தனை சுண்டைக்காயையும் யார் தின்பது?