'ஃபுல் ஒப்ஷன்' எனும் விளம்பரமும் வாங்குவோர் அறிய வேண்டியவையும்

பதுளையிலோ பண்டாரவளையிலோ பாவித்த வாகனமொன்று விற்பனைக்கு வரும்போது, அதன் விளம்பரத்தில் தவறாது இடம்பெறும் சொற்றொடர் 'ஃபுல் ஒப்ஷன்' என்பதாகும். அதனுடன் 'ஏ.சி. உண்டு' என்பதும் சேர்ந்துவிட்டால் விலை மேலும் உயர்ந்துவிடுகின்றது. ஆனால், அந்த வசதிகள் எவை, அவற்றைப் பொருத்தியது வாகனத்தைத் தயாரித்த தொழிற்சாலையா அல்லது பின்னாளில் ஏதோவொரு கராஜா என்று கேட்போர் மிகச் சிலரே.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் நாட்டில் ஏற்கனவே இருந்த வாகனங்களே மீண்டும் மீண்டும் கைமாறின. வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனம் என்பது இன்றும் சாதாரண குடும்பங்களுக்கு எட்டாக்கனியாகவே உள்ளது. தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்ற பெற்றோரின் ஊழியர் சேமலாப நிதிப் பணமும், நகரத்துச் சிறு வியாபாரியின் பல்லாண்டு சேமிப்பும் ஒரு பழைய வானிலோ காரிலோ முதலிடப்படுகின்றன. எனவே 'ஒப்ஷன்' என்ற சொல்லின் உண்மைப் பொருளை நாம் அறிந்து வைத்திருப்பது அவசியமாகும்.

இச்சொல்லை மோட்டார் உலகில் பரவலாக்கியவை அமெரிக்க நிறுவனங்களாகும். கடிலக், லிங்கன், பக்கார்ட், இம்பீரியல் போன்ற ஆடம்பரக் கார்களை வாங்குவோர் நீண்டதொரு பட்டியலிலிருந்து தமக்குத் தேவையானவற்றைத் தெரிவு செய்வர். வானொலி, மின்விசையால் இயங்கும் கண்ணாடிகள், நிறமூட்டிய கண்ணாடி என ஒவ்வொன்றுக்கும் தனி விலை உண்டு. 1950களில் கடிலக் காரில் குளிர்காலத்துக்கான சூடாக்கி கூட மேலதிக விலை கொடுத்துப் பெறவேண்டியதாகவே இருந்தது. ஆதலால், ஒரே ஆண்டில் ஒரே பெயருடன் வெளிவந்த இரு கார்கள் வசதியிலும் விலையிலும் பெரிதும் வேறுபட்டிருந்தன.

இவற்றுள் குளிரூட்டியின் வரலாறு சுவையானது. 1940ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் அதனை முதன்முதலில் ஒரு தெரிவாக வழங்கியது பக்கார்ட் நிறுவனமாகும். அதன் விலை 274 டொலர். பின்புறப் பெட்டியின் பெரும்பகுதியை அது அடைத்துக்கொண்டது. குளிரை நிறுத்த வேண்டுமாயின் காரை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, கொம்பிரசரின் பட்டியைக் கழற்ற வேண்டியிருந்தது! இக்கருவி டெட்ரொய்ட் தொழிற்சாலையில் பொருத்தப்படவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. கார்கள் கிளீவ்லண்ட் நகரிலிருந்த வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே அது பொருத்தப்பட்டது. ஆயினும் அதற்கான உத்தரவாதத்தை பக்கார்ட் நிறுவனமே ஏற்றுக்கொண்டது. பொருத்தியவர் யார் என்பதிலும் பார்க்க, பொறுப்பேற்பவர் யார் என்பதே முக்கியமானது என்பதை இது உணர்த்துகின்றது.

போர்க்காலத்தின் பின்னர், 1953இல் கடிலக், கிறைஸ்லர் முதலிய கார்களில் குளிரூட்டி மீண்டும் இடம்பெற்றது. அப்போதும் அதன் பிரதான பகுதி பின்புறப் பெட்டியிலேயே இருந்தது. 1954இல் நாஷ் நிறுவனம் சூடாக்கியையும் குளிரூட்டியையும் ஒன்றிணைத்து, முழுத் தொகுதியையும் வாகனத்தின் முன்பகுதிக்குள் அடக்கியது. அதன் விலை 345 டொலர். இன்று நாம் பாவிக்கும் அமைப்புக்கு அதுவே முன்னோடி எனலாம். 1964இல் கடிலக் நிறுவனம், வேண்டிய வெப்பநிலையைக் குறித்துவிட்டால் மீதியைத் தானே கவனித்துக்கொள்ளும் தன்னியக்க முறையை அறிமுகப்படுத்தியது.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விடயமொன்று உண்டு. தொழிற்சாலையிலிருந்து குளிரூட்டியுடன் வந்த காரும், அது இன்றி வந்த காரும் ஒரு கருவியால் மாத்திரம் வேறுபட்டவையல்ல. குளிரூட்டியுள்ள காருக்குப் பெரிய ரேடியேட்டர், வலுவான காற்றாடி, கூடுதல் மின்னுற்பத்தி ஆகியன அளிக்கப்பட்டன. சிலவற்றில் பின் அச்சின் பற்சக்கர விகிதம் கூட மாற்றப்பட்டது. கொம்பிரசர் என்ஜினின் வலுவில் ஒரு பகுதியை உறிஞ்சும். கொண்டென்சர் வெளியிடும் வெப்பம் நேரே ரேடியேட்டரின் மீது படும். இவ்விரு சுமைகளையும் தாங்கத்தக்கதாக முழு வாகனமும் திட்டமிடப்பட வேண்டும். கராஜில் பின்னர் பொருத்தும்போது பெரும்பாலும் கைவிடப்படுவது இந்தத் திட்டமிடலே.

ஊவாவின் பாதைகளில் இக்குறை விரைவில் வெளிப்பட்டுவிடும். 1959ஆம் ஆண்டுக் கடிலக் காரின் என்ஜின் 6.4 லீற்றர் கொள்ளளவுடையது. நமது பாதைகளில் ஓடும் சிறிய ஜப்பானியக் கார்கள் பலவற்றின் என்ஜின் 660 சி.சி. மட்டுமே, அதாவது அதன் பத்தில் ஒரு பங்கு. ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு வலுவில் ஏறத்தாழ பத்து சதவீதத்தை இழப்பது சாதாரண பெற்றோல் என்ஜினின் இயல்பு. நால்வரை ஏற்றிக்கொண்டு, வெல்லவாயவிலிருந்து கொஸ்லந்தை வழியாக அப்புத்தளைக்கு ஏறும் சிறு காரில், பொருத்தமற்ற கொம்பிரசரும் இயங்குமாயின் என்ஜின் கொதிப்பதில் வியப்பில்லை. கொதித்த என்ஜினைத் திருத்துவதற்கான செலவு, குளிரூட்டிக்காகக் கொடுத்த மேலதிக விலையையும் விஞ்சிவிடக்கூடும்.

குளிர்ப் பிரதேசத்தில் வாழும் நமக்குக் குளிரூட்டி எதற்கு என்று சிலர் கேட்கலாம். பதுளை சுமார் 680 மீற்றர் உயரத்திலும் அப்புத்தளை சுமார் 1,430 மீற்றர் உயரத்திலும் அமைந்துள்ளன. கதிர்காமத்துக்குச் செல்லும் இந்து, முஸ்லிம் யாத்திரிகர்கள் எல்ல வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும்போது, சில மணி நேரத்துக்குள்ளேயே மலைக்குளிரிலிருந்து சமவெளி வெப்பத்துக்கு மாறுகின்றனர். அத்துடன் குளிரூட்டி காற்றைக் குளிர்விப்பதோடு அதிலுள்ள ஈரத்தையும் பிரித்தெடுக்கின்றது. மழைக்காலத்தில் ஆட்கள் நிறைந்த வாகனத்தின் கண்ணாடியில் உட்புறமாகப் படியும் ஈரப்புகையை நீக்க இதைவிடச் சிறந்த வழி கிடையாது. வெளியிலுள்ள பனிமூட்டத்தை அது அகற்றாது. ஆனால் சாரதியின் பார்வையைத் தெளிவாக்கும். சூடாக்கியும் இணைந்திருப்பின் இப்பயன் இரட்டிப்பாகும். ஆகவே, வளைவுகள் மலிந்த நமது பாதைகளில் குளிரூட்டியை ஆடம்பரம் என்று ஒதுக்குவதை விட, பாதுகாப்புச் சாதனம் என்று கருதுவதே பொருத்தமாகும்.

குளிர்வாயு பற்றியும் ஒரு வார்த்தை. பழைய கார்களில் பாவிக்கப்பட்ட ஆர்-12 எனும் வாயு ஓசோன் படையைச் சிதைப்பது என்பதால், 1987ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் கைவிடப்பட்டது. அதனிடத்தைப் பிடித்த ஆர்-134ஏ ஓசோனைப் பாதிப்பதில்லை. எனினும் அது புவியை வெப்பமாக்கும் வாயு என்பதால், 2016இன் கிகாலி திருத்தம் அதனையும் படிப்படியாகக் குறைக்கப் பணிக்கின்றது. இவ்விரு வாயுக்களுக்கும் உரிய எண்ணெய்கள் வெவ்வேறானவை. முறையான மாற்றமின்றி ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை நிரப்பினால் கொம்பிரசர் பழுதடையும். வாயு அடிக்கடி குறையுமாயின், எங்கோ கசிவு உள்ளது என்பதே பொருள். கசிவைத் திருத்தாமல் மீண்டும் மீண்டும் நிரப்புவது பணத்துக்கும் சூழலுக்கும் கேடாகும்.

அமெரிக்காவில் செனட்டர் மைக் மொன்ரோனியின் முயற்சியால் 1958இல் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன்படி ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் அடிப்படை விலையையும், தொழிற்சாலை பொருத்திய ஒவ்வொரு மேலதிக வசதியையும், அதன் தனித்தனி விலையையும் குறிக்கும் சீட்டு ஒட்டப்பட்டிருத்தல் வேண்டும். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த வாகனங்களுக்கு ஏல மதிப்பீட்டுத் தாள் உண்டு. அதில் வாகனத்தின் தரம், ஓடிய தூரம், முக்கிய வசதிகள் என்பன குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் உள்நாட்டில் மூன்று, நான்கு கைகள் மாறிய பின்னர் அத்தாள் காணாமற் போய்விடுகின்றது. எஞ்சுவது வாய்வார்த்தை மட்டுமே.

எனவே வாங்குவோர் மூன்று விடயங்களை வற்புறுத்திக் கேட்டல் வேண்டும். முதலாவது, உண்டு எனக் கூறப்படும் வசதிகள் ஒவ்வொன்றும் எழுத்தில் தரப்படல் வேண்டும். இரண்டாவது, குளிரூட்டி தொழிற்சாலையில் பொருத்தப்பட்டதா, பின்னர் பொருத்தப்பட்டதா, எந்த வாயு நிரப்பப்பட்டுள்ளது என்பன தெரிவிக்கப்படல் வேண்டும். மூன்றாவது, குளிரூட்டியை இயக்கியவாறே ஒரு மேட்டுப் பாதையில் ஓட்டிப் பார்க்க அனுமதிக்கப்படல் வேண்டும். சமதரையில் நின்றபடி வீசும் குளிர்காற்று எதையும் நிரூபிப்பதில்லை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வர்த்தகத்தின்போது நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கின்றது. பாவித்த வாகன விற்பனை நிலையங்கள், வசதிகளின் பட்டியலை வாங்குபவருக்கு விளங்கும் மொழியில் எழுத்து மூலம் வழங்க வேண்டும் என்ற நடைமுறையை அதிகாரசபை கொண்டுவருவது காலத்தின் தேவையாகும். அமெரிக்கச் செல்வந்தர்களுக்கு 1958இலேயே கிடைத்துவிட்ட ஒரு துண்டுக் காகிதம், வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாகனம் வாங்கும் ஊவாவின் உழைப்பாளிக்கு இன்னும் கிடைக்காதிருப்பது நியாயமாகாது.