இக்கெபானா: ஒரு வினைச்சொல்லின் வரலாறு

கியோத்தோ நகரின் ரொக்காக்குதோ கோயிலையொட்டி இருக்கிறது இக்கெனோபோ மலர்ப்பள்ளியின் தலைமையகம். அங்கே ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கும் பெரிய கண்காட்சிக்குக் ‘கியூ தனாபத்தா கய்’ என்று பெயர். ‘பழைய தனாபத்தாக் கூட்டம்’ என்பது பொருள். தனாபத்தா ஏழாம் மாதம் ஏழாம் நாளில் வரும் விண்மீன் விழா. நாள் நவம்பருக்கு நகர்ந்துவிட்டது, பெயர் நகரவில்லை. அக்கண்காட்சியில் ரிக்கா, ஷோகா, ஜியூகா என்ற மூன்று வகை மலர்ப்படைப்புகள் வரிசையாக நிற்கும். முதற்பெயரில் இருப்பது ‘நிறுத்துதல்’, இரண்டாவதில் ‘உயிர்’, மூன்றாவதில் ‘விடுதலை’. நம் இதழ்கள் இவை எல்லாவற்றையும் ‘ஜப்பானிய மலர் அலங்காரம்’ என்று எழுதிக் கடந்துவிடுகின்றன. ஆனால் இந்தக் கலைக்கு ஜப்பானியர் வெவ்வேறு காலங்களில் இட்ட பெயர்களில் அலங்காரத்தைக் குறிக்கும் சொல் ஏறக்குறைய இல்லை. பெரும்பாலும் இருப்பது, கை காம்புக்கு என்ன செய்கிறது என்பதைச் சொல்லும் ஒரு வினை. வினை மாறியபோதெல்லாம் கலையும் மாறியிருக்கிறது. இன்று முழுக் கலைக்கும் பெயராகிவிட்ட ‘இக்கெபானா’ தொடக்கத்தில் ஒரு எளிய பாணியின் பெயர்தான். அது மற்றப் பெயர்களை வென்றதற்குக் காரணம் அதனுள் இருக்கும் வினை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சொல்லைப் பிரித்தால் இக்கெ, ஹானா என்று இரண்டு உறுப்புகள் வரும். ஹானா என்றால் மலர். தொகைச்சொல்லின் பின்னுறுப்பாக வரும்போது அதன் ஹகர ஒலி பகரமாகத் திரிவதுண்டு. புணர்ச்சி விதி படித்த தமிழருக்கு இது வியப்பல்ல. முன்னுறுப்பு ‘இக்கெரு’ என்ற வினையிலிருந்து வருவது. ‘இக்கிரு’ என்றால் வாழ்தல், அது தன்வினை. ‘இக்கெரு’ அதன் பிறவினை: வாழச் செய்தல், உயிரோடு வைத்திருத்தல். இந்த வினை மலர்களுக்கு மட்டும் உரியதன்று. பிடித்த மீனைச் சாகாமல் விட்டுவைக்கும் தொட்டிக்கு ‘இக்கெசு’ என்று பெயர். கரித்தணலைச் சாம்பலில் புதைத்து அணையாமல் காப்பதையும் ‘இக்கெரு’ என்றே சொல்கிறார்கள். வேறு எழுத்தில் எழுதினாலும் சொல் ஒன்றே என்று அகராதிகள் குறிக்கின்றன. நீறு பூத்த நெருப்பை அறிந்த நமக்கு இந்தப் பொருள் எளிதில் விளங்கும். கடலிலிருந்து பிரிந்த மீன், அடுப்பிலிருந்து பிரிந்த தணல், வேரிலிருந்து பிரிந்த காம்பு மூன்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: பிறந்த இடத்தை விட்டு எடுத்தாயிற்று, ஆனால் அணைய விடக்கூடாது.

இங்கே ஓர் ஒலி மயக்கத்தை விலக்கிவிட வேண்டும். இக்கெனோபோ என்ற பள்ளிப் பெயரிலும் ‘இக்கெ’ இருப்பதால் இரண்டும் ஒரே வேர் என்று நினைக்கத் தோன்றும். அந்த ‘இக்கெ’ குளம்; இக்கெனோபோ என்றால் குளக்கரையில் இருந்த துறவியின் குடில். எழுத்தும் வேறு, பொருளும் வேறு. பள்ளி கலைக்குப் பெயர் தரவும் இல்லை, கலையிடமிருந்து பெறவும் இல்லை. இதே பள்ளியின் மரபுக் கதையை வைத்துத்தான் இக்கெபானாவுக்கு ஆயிரத்து நானூறு ஆண்டு வயது சொல்கிறார்கள். 607ஆம் ஆண்டு சீனாவின் சுயி அரசவைக்குத் தூது சென்ற ஒனோ நொ இமொக்கோ, பிற்காலத்தில் ரொக்காக்குதோவில் துறவியாகிப் புத்தருக்கு நாள்தோறும் மலர் படைத்தார் என்பது அந்த மரபு. தூது சென்றது வரலாறு; மற்றது நம்பிக்கை. பெயர் இல்லாவிட்டாலும் பொருள் அப்போதே இருந்ததே என்று ஒருவர் கேட்கலாம். புத்தருக்கு மலர் படைக்கும் வழக்கம் இந்தியாவில் தோன்றிச் சீனா வழியாக அங்கே போனது. அதற்குக் ‘குகெ’ என்று தனிப்பெயர் உண்டு. படையலில் பயன் படைப்பதில் இருக்கிறது. மலரைப் பார்ப்பதற்கென்றே மக்கள் கூடும்போதுதான் தனிக் கலை தொடங்குகிறது. அதற்குக் கிடைக்கும் உறுதியான சான்று 1462ஆம் ஆண்டுக்குரியது. இக்கெனோபோ செங்கெய் பொற்குடம் ஒன்றில் பல பத்துக் கிளைகளை அமைத்தார், நகரத்தின் மலர் ஆர்வலர்கள் அதைப் பார்க்கப் போட்டியிட்டுக்கொண்டு வந்தார்கள் என்று ஒரு துறவி எழுதிய ‘ஹெக்கிசான் நிச்சிரொக்கு’ என்ற நாட்குறிப்பு சொல்கிறது.

அந்தக் காலத்தில் இந்தக் கலை ‘தத்தெஹானா’, அதாவது நிறுத்திய மலர். வினை ‘தத்தெரு’: நேராக நிற்கச் செய்தல். நடுக் கிளை செங்குத்தாக எழும். மற்றவை அதற்குத் துணை நிற்கும். மரத்தில் தெய்வம் இறங்கித் தங்கும் என்ற பழைய ஜப்பானிய நம்பிக்கையின் சாயலை ஆய்வாளர்கள் இந்த நிமிர்வில் காண்கிறார்கள். அஷிக்காகா ஷோகுன் யொஷிமிட்சுவின் காலத்தில் தனாபத்தா நாளில் மலர்ப்போட்டிகள் நடந்தன. சீனாவிலிருந்து வந்த குடங்களைப் பெருமையாகக் காட்டுவதும் அவற்றின் நோக்கம். இன்றைய கண்காட்சிக்குத் தனாபத்தாப் பெயர் வந்த வழி இதுதான். பின்னர் அதே எழுத்துகளைச் சீன ஒலியில் படித்து ‘ரிக்கா’ என்றார்கள். ஏழு முதன்மைக் கிளைகளுக்கும் பெயரும் இடமும் வரையறுத்தார்கள். 1599இல் கியோத்தோவின் தாயுன்-இன் கோயிலில் இக்கெனோபோ முதலாம் சென்கோவின் சீடர்கள் நூறு குடங்களில் மலர் நிறுத்திக் காட்டினார்கள். ஆள் உயரத்துக்கும் மேல் எழக்கூடிய அந்த அமைப்புகளுக்குப் பெரிய கூடம் வேண்டும், பல கைகள் வேண்டும். அரண்மனைக்கும் கோயிலுக்கும் பொருந்திய வினை அது.

சிறிய தேநீர் அறைக்கு அது பொருந்தவில்லை. அங்கே ஒன்றிரண்டு மலர்களை இயல்பாகக் குடத்தில் இடும் பழக்கம் வளர்ந்தது. மலர் வயலில் இருப்பது போலவே இருக்கட்டும் என்பது தேநீர்க் குரு சென் நொ ரிக்யூவின் அறிவுரையாக வழங்குகிறது. இந்தப் போக்குக்கு ‘நகெயிரெ’ என்று பெயர். எறிந்து இட்டது என்பது அதன் பொருள். எதோ ஷோகுன் ஆட்சிக் காலத்தில் நகர வணிகர்களின் வீடுகளுக்கும் சுவர்மாடம் வந்தது. ரிக்காவின் பெருஞ்செலவு இல்லாமல் மலர் வைக்க விரும்பியவர்கள் நகெயிரெயை எடுத்துக்கொண்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அதற்கும் ஓர் ஒழுங்கு வந்தது. வானம், நிலம், மனிதன் என்று மூன்று கிளைகளுக்குப் பெயரிட்டார்கள். ஒழுங்கு வந்த பிறகு ‘எறிதல்’ என்ற பெயர் ஒட்டவில்லை. அந்த இடத்தில் நிலைத்த சொல்தான் இக்கெபானா. ‘உயிர்’, ‘மலர்’ என்ற இரண்டே எழுத்துகளை இக்கெபானா என்றும் படிக்கலாம். இக்கெனோபோவினர் ஷோகா என்பார்கள், வேறு பள்ளிகள் செய்கா என்பார்கள். பூக்கடையில் அதே செய்கா காகிதப் பூவல்லாத உயிர்ப் பூவைக் குறிக்கும். நிறுத்துதல் நிமிர்ந்த கிளைக்கு மட்டும் பொருந்தும். எறிதல் ஒழுங்கற்றதற்கு மட்டும் பொருந்தும். உயிரோடு வைத்தல் எந்த வடிவத்தையும் கட்டாயப்படுத்துவதில்லை. அதனால்தான் ஒரு பாணியின் பெயர் எல்லாப் பாணிக்கும் குடையாக முடிந்தது.

இதற்கு அடுத்த சோதனை மெய்ஜி காலத்தில் வந்தது. மேலைநாட்டுப் பூக்கள் வந்தன; அவற்றில் பல குட்டைக் காம்புடையவை, உயரமான குடத்துக்கு ஒத்துவராதவை. ஒஹாரா உன்ஷின் (1861–1916) அகன்ற தட்டையான நீர்த்தட்டில் அவற்றைப் பரப்பிக் குவித்தார். ‘மொரிபானா’, குவித்த மலர், பிறந்தது. வினை புதிது, ஆனாலும் அதை இக்கெபானாவுக்கு வெளியே யாரும் தள்ளவில்லை. ஏறத்தாழ இதே காலத்தில், 1891இல், ஜொசையா காண்டர் இக்கலையைப் பற்றி ஆங்கில நூல் வெளியிட்டார். அதன் தலைப்பில் வரும் ஆங்கிலச் சொல்லுக்கு ‘ஒழுங்குபட அமைத்தல்’ என்பது பொருள். உயிர் விடுபட்டு அமைப்பு மட்டும் எஞ்சிய பார்வை அது. தமிழுக்கு வந்த ‘அலங்காரம்’ அந்த அமைப்பையும் விட்டு அழகை மட்டும் பிடித்துக்கொண்டது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வெட்டிய பூ சாகத் தொடங்கிய பூ. அதை உயிரோடு வைக்கிறோம் என்பது மங்கலமாகச் சொல்லும் பொய் அல்லவா? இதற்கு விடை செய்முறையில் இருக்கிறது. ‘மிசுவாகெ’ என்று ஒரு பாடமே உண்டு. நீரை மேலேற்றுதல் என்று பொருள். காம்பை நீருக்குள் அமிழ்த்தியபடியே வெட்டினால் காற்றுக்குமிழி புகுந்து நீர்வழியை அடைக்காது. சில காம்புகளின் நுனியை நசுக்குவார்கள், சிலவற்றைக் கருக்குவார்கள், சிலவற்றை வெந்நீரில் தோய்ப்பார்கள். எந்தச் செடிக்கு எது என்று அறிவதே முதற்கல்வி. ஆக, அந்த வினை உவமையாகச் சொன்னதன்று, தொழில்நுட்பமாகச் சொன்னது. அடுத்ததாக, இங்கே உயிர் என்பது முழுமலர்ச்சி மட்டுமன்று. மொட்டும், பூச்சி அரித்த இலையும், காய்ந்த தாமரைப் பொகுட்டும் இடம்பெறும். ஒளியை நோக்கித் திரும்பிய கிளையின் வளைவை அப்படியே காட்டுவார்கள். வாழ்வின் போக்கைக் காட்டுவதும் இக்கெருவில் அடங்கும்.

இரண்டாம் மறுப்பு இன்னும் கூர்மையானது. 1927இல் சொகெட்சு பள்ளியைத் தொடங்கிய தெஷிகஹாரா சோஃபூ, போருக்குப் பின் இரும்பையும் வற்றிய மரக்கட்டையையும் கையாண்டார். உயிரே இல்லாத இரும்பு எப்படி இக்கெபானா ஆகும்? இதில் பாதி நியாயம் உண்டு. ஜியூகா, விடுதலை மலர், என்ற பெயர் வினையையே கைவிட்டது தற்செயலன்று. கை என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்ல மறுக்கிறது. ஆயினும் எல்லை அழிந்துவிடவில்லை. இக்கெனோபோவை விட்டு வெளியேறித் தனித்து இயங்கிய நாக்ககாவா யுக்கியோ 2002இல் நீகாத்தா வட்டாரத்தின் ஆற்றங்கரையில் ஹெலிகாப்டரிலிருந்து எண்ணற்ற துலிப் இதழ்களைக் கொட்டச் செய்தார். கீழே நடனக் கலைஞர் கசுவோ ஓனோ ஆடினார். அந்நிகழ்வுக்கு நாக்ககாவா இட்ட பெயர் ‘தென்கூ சங்கெ’: வானிலிருந்து மலர் தூவல். சங்கெ பௌத்த வழிபாட்டின் பழஞ்சொல். இக்கலையின் மிகத் துணிந்த கலைஞரும் செயல் மாறியபோது அதற்குரிய வேறு வினையைத் தேடி எடுத்தார்.

‘காதோ’, மலர்நெறி, என்ற பெயரே கலைக்குத் தகுந்தது என்று சொல்பவர்களும் உண்டு. அது பயில்வோரின் ஒழுக்கத்தைக் குறிக்கும் மதிப்பான சொல். குடத்தில் இருக்கும் பொருளைக் குறிக்காது. இரண்டுக்கும் இடம் உண்டு. நமக்கு வேண்டியது எளியது: இக்கெபானாவை இக்கெபானா என்றே எழுதுவோம். கண்காட்சிக்குப் போகிறவர்கள் பூவின் அழகை எடைபோடும் முன்பு, அந்தக் காம்பை நிறுத்தினார்களா, இட்டார்களா, குவித்தார்களா என்று பார்க்கட்டும். அதன்பின் அது நீர் குடிக்கிறதா என்றும் பார்க்கட்டும்.