ஒப்பந்தம்: ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எழுத்து

நெய்வேலியில் 'காண்ட்ராக்ட்' என்ற சொல் ஆளையும் குறிக்கும், தாளையும் குறிக்கும். "தம்பி காண்ட்ராக்ட்ல இருக்கான்" என்றால் நிரந்தர வேலை இல்லை என்று பொருள். மந்தாரக்குப்பத்தில் பட்டறை வைத்திருப்பவர் "காண்ட்ராக்ட் கிடைச்சிருக்கு" என்றால் கைக்கு ஒர்க் ஆர்டர் வந்துவிட்டது என்று பொருள். பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் உருவான ஊரில், இந்தச் சொல் இப்படி இரட்டை வாழ்க்கை வாழ்கிறது.

நாளிதழ் விளம்பரத்தில் அதற்குப் பெயர் ஒப்பந்தம். தெலுங்கில் ஒப்பந்தமு, கன்னடத்தில் ஒப்பந்த. அடிச்சொல்லான 'ஒப்பு'க்கு இரு பொருள்: உடன்படுவது ஒன்று, நிகராவது இன்னொன்று. ஒப்புக்கொள்வதும் ஒப்பிடுவதும் ஒரே சொல்லில் பிறந்தவை. டெண்டருக்கு வழங்கும் 'ஒப்பந்தப்புள்ளி'யில் உள்ள புள்ளி, மதிப்புப் போடுவதைக் குறிக்கும் பழைய வழக்கு.

இந்த இரு பொருளும் ஒரே வழக்கில் சந்தித்த கதை, நெய்வேலி அமைந்துள்ள அதே நடுநாட்டில் நடப்பது. சுந்தரரின் திருமணத்தை மறித்த முதியவர், சுந்தரரின் பாட்டனார் தனக்கு அடிமை எழுதிக்கொடுத்ததாக ஓர் ஆளோலை காட்டுகிறார். சுந்தரர் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளிவருகிறது. அவையோர் பாட்டனாரின் வேறொரு கையெழுத்தைக் கொண்டுவரச் செய்து, இரண்டையும் ஒப்பிட்டே தீர்ப்பு சொல்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதிவைத்த இந்தக் காட்சியில் மூலம், படி, சாட்சி, கையெழுத்துச் சோதனை எல்லாம் உண்டு.

பிறகு பாரசீகமும் அரபும் கலந்த ஆட்சிமொழி வந்தது. ஷரத்து, ஜாமீன் ஆகியவை பத்திரங்களில் இன்றும் நிலைத்திருக்கின்றன. உடன்பாட்டைக் குறித்த 'கரார்' பேச்சில் 'கறார்' ஆகி, கண்டிப்பைக் குறிக்கத் தொடங்கியது. பத்திரம் என்பதிலோ இரண்டு வடசொற்கள் ஒரே எழுத்துக்குள் வந்து சேர்ந்தன. ஏடு என்னும் 'பத்ர' ஒன்று, நலம் என்னும் 'பத்ர' மற்றொன்று. பத்திரத்தைப் பத்திரமாக வை என்று நாம் சொல்வது இதனால்தான்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வாய்ப்பேச்சையும் பொதுவாக ஒப்பந்தமாக ஏற்கும். ஆனால் தகராறு வந்தால் ஒப்பிட ஒன்று வேண்டும். சிறு பட்டறைகளின் கொட்டேஷனில் 'பேசியபடி' என்று ஒரு சொல் இருக்கும். அதை எதனோடு ஒப்பிடுவது? "கன்வேயர் ரோலர் 40, பேரிங் மாற்றி, பெயின்ட் அடித்து, எங்கள் பட்டறையில் ஒப்படைப்பு, பேரிங் விலை தனி, பணம் 30 நாளில்" என்று எழுதினால் ஒப்பிடலாம்.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் (2006) இந்தத் தாளுக்குப் பல் வைத்தது. அரசின் உதயம் பதிவுத் தளத்தில் பதிந்துள்ள குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ வாங்கியவர், எழுத்தில் நாள் குறிக்காவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். குறித்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டும் வட்டி. குறை இருந்தால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். நாளை எங்கிருந்து எண்ணுவது? டெலிவரி சலானில் தேதியோடு வாங்கிய கையெழுத்திலிருந்து. அதை வாங்காமல் லாரியைத் திருப்புவதுதான் பலர் செய்யும் பிழை.

அதைவிட ஆபத்தானது "அதையும் சேத்து முடிச்சிடுங்க, பாத்துக்கலாம்" என்பது. வங்காளத்தில் அரசுத் துறை ஒன்றுக்குக் கிட்டங்கியோடு சமையற்கூடமும் பாதையும் கூடுதலாகக் கட்டிய பி.கே. மண்டல் நிறுவனத்துக்கு, முறையான ஒப்பந்தம் இல்லாதபோதும் ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவின்படி பணம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1960களின் தொடக்கத்தில் தீர்ப்பளித்தது. வேலை நடந்ததோ 1940களில். சிறு பட்டறை அத்தனை காலம் தாங்காது. கூடுதல் வேலை சொன்ன அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள்: "இதற்கு இவ்வளவு ஆகும், சம்மதமா?" பதில் வந்தபின் ஸ்பேனரை எடுங்கள்.