ஆடிப்பிறப்பு: ஓர் ஏக்கத்தின் யாப்பு

நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பாடிய ‘ஆடிப்பிறப்பு’, யாழ்ப்பாணத்துச் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த பாட்டு. தங்கத் தாத்தா என்று ஈழம் போற்றும் அவருடைய இப்பாட்டைக் குதூகலப் பாட்டு என்றே பலரும் கொள்வர். அது ஏக்கத்தின் பாட்டு என்பது என் கருத்து. சான்று அதன் யாப்பிலேயே உள்ளது.

பாட்டினுள் ஆடிப்பிறப்பு இன்னும் வரவில்லை, நாளைதான் வரப்போகிறது. கூழ் இன்னும் காய்ச்சப்படவில்லை. குடிக்கலாம், தின்னலாம் என்று சிறுவன் நாவூற எண்ணிப் பார்க்கிறான், அவ்வளவே.

சந்தம் கும்மிச் சந்தம். நான்கு சீர் விரைந்தோடும்; அடுத்த அடி மூன்று சீரோடு நின்றுவிடும். நான்காவது சீருக்குரிய இடம் கைதட்டலுக்கு உரியது. ஆடி, கூடி என்னும் எதுகை, விழாவையும் தோழமையையும் ஒன்றாகக் கட்டுகிறது. ஆனந்தம் என்ற சொல் இரட்டிக்கிறது. தோழர்களே என்ற விளி திரும்பவும் வருகிறது. தனியே உண்ணும் ஆசையன்று இது.

நடுப்பகுதியே நுட்பமானது. பயறு வறுத்து, அரிசி இடித்து, தேங்காய் துருவி, சர்க்கரை கலந்து என வினையெச்சங்கள் வரிசையாக நீள்கின்றன. வினைமுற்று எளிதில் வருவதில்லை. அடுப்படியில் காத்திருக்கும் பிள்ளையின் தவிப்பை, முடியாத வாக்கியத்தின் மூலம் நம்மையும் உணரச் செய்துவிடுகிறார் புலவர். பின்னர் அன்னை பலாவிலையில் கூழை அள்ளி அள்ளி வார்க்கும் அடுக்குத்தொடரில்தான் அத்தவிப்பு தணிகிறது.

இப்பாட்டில் விடுதலை என்றால் பள்ளிக்கூட விடுமுறை. அச்சொல்லுக்கு ஈழத்தில் வேறொரு பொருள் ஏறிய வரலாற்றை நாம் அறிவோம். 1995 ஜூலை 9ஆம் நாள், ஆடிப்பிறப்புக்கு ஏறத்தாழ ஒரு வாரம் இருந்தபோது, புலவரின் நவாலியிலேயே புனித பேதுரு தேவாலயச் சூழலில் விமானப்படையின் குண்டுகள் விழுந்தன. அடைக்கலம் புகுந்திருந்த மக்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தது.

கடல் கடந்து சென்றவர்களும் இப்பாட்டைக் கொண்டு சென்றனர். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ அதைப் பாடுவோருக்கு, புலவர் எழுதிய ‘நாளை’ நேற்றாகிவிட்டது. சொல் மாறவில்லை, சந்தம் மாறவில்லை. ஏக்கம் மட்டும் திசை மாறிவிட்டது. அந்தச் சுமையையும் தாங்கும் வலிமை ஒரு குழந்தைப் பாட்டின் யாப்புக்கு இருந்திருக்கிறது.